நுண்ணுலகு கண்ட எர்ன்ஸ்ட் ருஸ்கா

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பிறந்தவர் எர்ன்ஸ்ட் ருஸ்கா. பெர்லினில் மாக்ஸ் நால் என்பாரோடு இணைந்து 1931இல் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை அமைத்தார்; 1933இல் ஒளி நுண்ணோக்கியின் எல்லையையும் கடந்தார்.

ஆயினும் அறிஞர் பலர் ஐயுற்றனர். காற்று நீக்கிய குழாயினுள் உயிரணு உலர்ந்துபோகும். எலக்ட்ரான் கற்றை அதனைக் கருக்கிவிடும் என்றனர். மருத்துவரான தம்பி ஹெல்முட் தோள்கொடுத்தார். உடன்பிறந்தார் இருவரும் பொருளுதவி வேண்டி மூன்றாண்டுகள் முயன்றனர். 1937இல் சீமன்ஸ் நிறுவனம் இசைந்தது. 1939இல் புகையிலைத் தேமல் நோயின் வைரஸ் கண்ணுக்குப் புலனாயிற்று.

1986இல் நோபல் பரிசு பெற்ற ருஸ்கா 1988இல் மறைந்தார். ஐயுற்றோர் கூற்றும் முற்றிலும் பொய்யன்று. அக்கருவியின் பார்வையை உயிர் தாங்குவது அரிது. எனினும், உயிர் அடங்கிய அணுவைக் கொண்டே உயிரின் கட்டமைப்பை உலகிற்கு உணர்த்தியது அவர்தம் கருவி.