கடல் ஏன் நீலம் என்று கேட்டவர்

போன மாதம் பிடோக்கில் நம்ம துணைப்பாட வகுப்பில் ஊசல் சோதனை செய்தோம். ஒரு பையனுக்குக் கணக்குப் போட்டால் ஈர்ப்பு முடுக்கம் 9.3 வந்தது. புத்தகத்தில் 9.8. பக்கத்துப் பையனை எட்டிப் பார்த்துவிட்டு, 9.3ஐ அழித்து 9.8 என்று எழுதிவிட்டான். நான் திட்டவில்லை. உயர்நிலைப் பள்ளியில் நானும் இதே வேலையைச் செய்தவன்தான். சர் சி.வி. ராமன் கதையைச் சொன்னேன்.

ராமன் 1888ல் திருச்சிப் பக்கம் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907ல் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியாகச் சேர்ந்தார். நல்ல சம்பளம். ஆனால் வேலைக்குப் போகும் முன்னும், வேலை முடிந்த பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கத்துக்கு ஓடிவிடுவார். அங்கே அவர் ஆராய்ந்ததில் நம்ம மிருதங்கமும் உண்டு. சாதாரணத் தோலைத் தட்டினால் சுருதி சேராத சத்தம்தான் வரும். நடுவில் பூசும் கறுப்புச் சாந்து அதை மாற்றுகிறது என்று சோதித்துக் காட்டினார். தோல்மேல் மணலைத் தூவி, அதிராத இடங்களில் மணல் கோடாக நிற்பதைப் பார்த்தார். கோயிலில் தினமும் கேட்கிற வாத்தியம்தானே, எத்தனை பேருக்கு இப்படித் தோன்றியிருக்கும்?

1921ல் இங்கிலாந்து போய்த் திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை விடவில்லை. வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்று பெரிய மேதை ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமனிடம் இருந்தது ஒரு சின்ன நிக்கோல் பட்டகம். தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை, சரியான கோணத்தில் பார்த்தால், அது மறைத்துவிடும். கப்பல் தளத்திலிருந்து அப்படிப் பார்த்தார். பிரதிபலிப்பு போன பிறகும் கடல் நீலமாகவே இருந்தது, இன்னும் அழுத்தமாக! தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று புரிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் சிதறல்தான். சிதறிய ஒளியில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வந்தது. திரவத்தில் அழுக்கு இருக்குமோ என்று சந்தேகம். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். மாணவர் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து சுமார் 60 திரவங்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே மாற்றம். 1928 பிப்ரவரி 28ல் உறுதியானது. 1930ல் நோபெல் பரிசு. பிறகு பெங்களூரில் ஆராய்ச்சி, 1970ல் மறைவு.

சரி, நம்ம 9.3க்கு வருவோம். மறுபடி அளந்தோம். குண்டின் நடுவரை அளக்காமல், நூல் முடிச்சுவரை மட்டும் அளந்திருக்கிறான். 25 சென்டிமீட்டர் ஊசலில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் விட்டுப்போனால் விடை 9.3தான் வரும். அழித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அடுத்த வாரம் எல்லாரையும் பிடோக் படகுத்துறைக்குக் கூட்டிப்போனேன். தூண்டில் போடும் அண்ணன் ஒருவரிடம் கண் கூசும் ஒளியை வெட்டும் போலராய்டு கண்ணாடியைக் கடன் வாங்கினோம். கண்ணாடியைச் சாய்த்தால் மினுமினுப்பு வந்தது, நேராகப் பிடித்தால் போனது. உள்ளே தெரிந்த கடல் நீலம் இல்லை, கலங்கல் பச்சை. அந்தப் பையன் நோட்டில் பச்சை என்றே எழுதினான். மண் கலந்த தண்ணீரா, பாசியா என்று அப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறோம்.