தோளை உதைத்த துப்பாக்கி

துப்பாக்கியால் சுடும்போது குண்டு முன்னே பாயும். துப்பாக்கி பின்னே உதைக்கும்.

அந்த உதையை வைத்தே உலகப் புகழ் பெற்றவர் ஹிராம் மாக்சிம்.

இவர் 1840-ம் ஆண்டு அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்தில் பிறந்தார். 14 வயதில் வண்டி செய்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

ஒரு சமயம் ராணுவத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தார். உதை பட்டுத் தோள் கன்றிப் போய்விட்டது!

உதையைக் குறைக்க வழிகள் உண்டு. துப்பாக்கியின் எடையைக் கூட்டலாம். ஆனால் சுமப்பவனுக்குக் கஷ்டம். தோளில் படும் இடத்தில் மெத்தை வைக்கலாம். வலி குறையும். ஆனால் உதையின் சக்தி வீணாகிவிடும்.

மாக்சிமின் புத்தி வேறு வழியில் போயிற்று. உதையையே வேலை வாங்கினால் என்ன?

லண்டனில் குடியேறி ஆராய்ச்சி செய்தார். 1884-ல் இயந்திரத் துப்பாக்கி தயாராயிற்று.

ஒரு குண்டு வெடித்ததும் அதன் உதை குழாயைப் பின்னுக்குத் தள்ளும். அந்த வேகத்தில் வெற்றுத் தோட்டா வெளியே விழும். வில் சுருள் மறுபடி முன்னே தள்ளும்போது புதிய தோட்டா உள்ளே போகும். விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். நிமிஷத்துக்குச் சுமார் 600 குண்டுகள்!

பல நாடுகள் அதை வாங்கின. 1901-ல் மாக்சிமுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. ஆனால் ஓயாத வெடிச் சத்தத்தால் அவருடைய காது மந்தமாகிவிட்டது.

1916 ஜூலை 1-ந் தேதி, பிரான்சில் சோம் போர்முனை. ஒரே நாளில் 19 ஆயிரத்துக்கும் அதிகமான பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டார்கள். அவர்களில் பலரைச் சாய்த்தது ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கி. அது மாக்சிமின் முறையில் செய்யப்பட்டது!

அதே ஆண்டு நவம்பரில் மாக்சிம் லண்டனில் காலமானார்.

அவர் தோளில் பட்ட காயம் சில நாளில் ஆறிவிட்டது. அவருடைய துப்பாக்கி உண்டாக்கிய காயம் எத்தனையோ குடும்பங்களில் ஆறவே இல்லை.