விமான கம்பெனி நடத்திய செட்டிநாட்டுக்காரர்: யார் இந்த அழகப்பர்?

காரைக்குடி கல்லூரிகளால் நமக்குத் தெரிந்த வள்ளல் அழகப்ப செட்டியாருக்கு விமானம் ஓட்டவும் தெரியும். 1909-ல் கோட்டையூரில் பிறந்தவர், லண்டனில் சட்டம் படிக்கப் போன இடத்தில் கிராய்டனில் விமானப் பயிற்சியும் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ராணுவத்துக்குத் தேவைப்படாத டகோட்டா விமானங்கள் இந்தியாவில் மலிவாக விற்பனைக்கு வந்தன. பழைய இரும்புக் கடையில் ஸ்பேர் பார்ட்ஸ் தேடுற மாதிரிதான். என்ன, இங்கே கிடைத்தது முழு விமானம்! அவற்றை வாங்கி 'ஜூபிடர் ஏர்வேஸ்' தொடங்கினார்.

ஆனால் பல கம்பெனிகள் ஒரே நேரத்தில் இறங்கியதால் போட்டி கடுமை. 1953-ல் அரசு நாட்டுடைமையாக்கிய பட்டியலில் ஜூபிடர் இல்லை. அதற்கு முன்பே மூடியாச்சு.

அதே ஆண்டு காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்தது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தது இவர்தான். குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்குத் தந்துவிட்டார். 1957 ஏப்ரல் 5-ல் காலமானார். மறுநாள் அவருக்கு 48-வது பிறந்தநாள்.