கசிந்த பேனாவும் தந்தி ஆசிரியரும்

உங்கள் புத்தகப் பையைத் திறந்து பாருங்கள். எத்தனை பேனாக்கள் இருக்கின்றன? மூன்றா? நான்கா? அவற்றில் மை தீர்ந்ததும் என்ன செய்வீர்கள்? குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வேறொன்று வாங்குவீர்கள், இல்லையா?

உங்கள் தாத்தா, பாட்டி படித்த காலத்தில் அப்படி இல்லை. ஒரு மைப்பேனா வாங்கினால் அது பல வருடங்கள் கூடவே வரும். கழுத்தைத் திருகி, ஃபில்லரால் இங்க் ஊற்றி, நிப்பைத் துணியால் துடைத்து, பத்திரமாகச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பள்ளிக்குப் போவோம். ஆனால் ஒரு பயம் மட்டும் இருந்துகொண்டே இருக்கும். பேனா கசிந்துவிட்டால்? வெள்ளைச் சட்டையில் நீலக் கறை! வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் திட்டு!

இந்தக் கசிவைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் தவித்த ஓர் ஆசிரியரின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஜார்ஜ் சாஃபோர்ட் பார்க்கர். ஆமாம், கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிறீர்களே, அந்தப் பார்க்கர் பேனாவின் பார்க்கர்தான்!

தந்தி சொல்லித் தந்தவர்

பார்க்கர் 1863-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஷல்ஸ்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறுவயதில் அவர் வளர்ந்தது அயோவா மாநிலத்தில். இளைஞரானதும் தந்தி அனுப்பும் தொழிலைக் கற்க, ஜேன்ஸ்வில் என்ற ஊரில் இருந்த வாலண்டைன் தந்திப் பள்ளியில் சேர்ந்தார்.

தந்தி என்றால் உங்களுக்குத் தெரியுமா? செல்போன் இல்லாத அந்தக் காலத்தில் அவசரச் செய்தி அதில்தான் போகும். கட், கடா என்று ஒலி வரும். நீண்ட ஒலியும் குறுகிய ஒலியும் சேர்ந்து ஓர் எழுத்து. அந்த ஒலியைக் காதால் கேட்டு, கையால் மளமளவென்று எழுத வேண்டும். எழுதும்போது பேனா தகராறு செய்தால் செய்தியே தவறிப்போகும்!

பார்க்கர் நன்றாகப் படித்தார். அதனால் அந்தப் பள்ளியிலேயே அவருக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் சம்பளம் குறைவு. செலவுக்குப் போதவில்லை. அதனால் ஒரு பேனாக் கம்பெனியின் ஏஜெண்டாக இருந்து, தன் மாணவர்களுக்கே மைப்பேனாக்களை விற்கத் தொடங்கினார்.

இங்கேதான் தலைவலி ஆரம்பித்தது. விற்ற பேனாக்களில் பல சரியாக எழுதவில்லை. சில கசிந்தன. சிலவற்றில் மை இறங்கவே இல்லை. மாணவர்கள் ஒவ்வொருவராகப் பேனாவைத் தூக்கிக்கொண்டு ஆசிரியரிடமே வந்து நின்றார்கள்.

குழந்தைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அவர் நினைத்திருந்தால், பேனாவைச் செய்தது நான் இல்லை, கம்பெனியைக் கேளுங்கள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. ஆனால் தன்னை நம்பி வாங்கிய பிள்ளைகளிடம் அப்படிச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சில சிறிய கருவிகளை வாங்கினார். வகுப்பு முடிந்த பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு பேனாவாகப் பிரித்துப் பழுது பார்த்துக் கொடுத்தார்.

அப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் பேனாவின் வயிற்றுக்குள் இருந்த ரகசியம் அவருக்குப் புரிந்துபோனது. தன்னாலேயே இதைவிட நல்ல பேனா செய்ய முடியும் என்ற நம்பிக்கையும் வந்தது.

பேனா ஏன் கசிகிறது?

அந்த ரகசியத்தை நாமும் தெரிந்துகொள்வோமா?

ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். குளுக் குளுக் என்று சத்தம் வரும். தண்ணீர் வெளியே வர வேண்டுமானால், அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். பேனாவிலும் அப்படித்தான். மை வெளியே வர வர, காற்று உள்ளே போக வேண்டும். காற்று போகாவிட்டால் பேனா எழுதாது. திடுதிப்பென்று அதிகமாகப் போய்விட்டால் மை பொளக்கென்று கொட்டிவிடும்.

இதைக் கட்டுப்படுத்துவது நிப்புக்கு அடியில் நாக்குப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புத் துண்டு. அதில் மெல்லிய கோடு போன்ற வாய்க்கால் இருக்கும். நியூயார்க்கைச் சேர்ந்த லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் என்பவர், இந்த நாக்கில் நுண்ணிய பள்ளங்களை வெட்டி மையைச் சீராக இறங்க வைத்தார். 1884-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆகவே மைப்பேனாவை முதலில் செய்தவர் பார்க்கர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்!

ஆனால் ஒரு குறை மிச்சம் இருந்தது. எழுதி முடித்து, பேனாவை மூடிச் சட்டைப் பையில் நிமிர்த்தி வைக்கிறோம். அப்போதும் நாக்கின் வாய்க்காலில் கொஞ்சம் மை தங்கி இருக்கும். நம் உடம்பின் சூட்டில் பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிவடையும். விரிந்த காற்று, தங்கிய மையை மேலே தள்ளி மூடிக்குள் சிந்த வைக்கும். அடுத்த முறை மூடியைத் திறந்தால் விரலெல்லாம் மை!

பார்க்கர் என்ன செய்தார் தெரியுமா? நாக்கின் உள்முனையை நேராக விடாமல் வளைத்தார். வளைந்த முனை, பேனாக் குழாயின் உட்சுவரைத் தொடும்படி வைத்தார். அவ்வளவுதான்! பேனா நிமிர்ந்து நிற்கும்போது, வாய்க்காலில் தங்கிய மை அந்த வளைவு வழியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு குழாய்க்குள் இறங்கிவிடும்.

வீட்டில் அகல் விளக்கின் திரி எண்ணெயை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுண்ணிய இடைவெளிகளில் திரவம் தானாக ஊர்ந்து போகும். இதற்கு அறிவியலில் நுண்புழை நுழைவு என்று பெயர். அந்தத் தத்துவத்தைத்தான் பார்க்கர் பயன்படுத்தினார். 1894-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்புக்கு லக்கி கர்வ், அதாவது அதிர்ஷ்ட வளைவு என்று பெயர் வைத்தார். பெயரில்தான் அதிர்ஷ்டம் இருந்தது. உண்மையில் அது பல நாள் உழைப்பு!

கம்பெனி பிறந்தது

இதற்கு முன்பே, 1889-இல் தன் முதல் பேனாவுக்கு அவர் காப்புரிமை வாங்கியிருந்தார். டபிள்யூ. எஃப். பால்மர் என்ற இன்ஷூரன்ஸ் தொழில் செய்தவர் அவரோடு பங்குதாரராகச் சேர்ந்தார். 1892-இல் பார்க்கர் பேனாக் கம்பெனி முறைப்படி பதிவானது. தந்தி ஆசிரியர் பேனா முதலாளி ஆனார்!

இருக்கும் பொருளைவிட நல்ல பொருளைச் செய்தால் மக்கள் தேடி வந்து வாங்குவார்கள் என்பது அவருடைய கொள்கை. முதல் உலகப் போரின்போது போர்முனையில் இருந்த வீரர்கள் மைப்புட்டியைச் சுமந்துகொண்டு போக முடியுமா? அவர்களுக்காக அவரது கம்பெனி ஒரு பேனா செய்தது. அதில் மாத்திரை போல உலர்ந்த மை இருக்கும். பேனாவுக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மை தயார். வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டியதுதான்!

1921-இல் டியோஃபோல்ட் என்ற பேனா வந்தது. அந்தக் காலத்துப் பேனாக்கள் பெரும்பாலும் கறுப்பு. இதுவோ பளீர் சிவப்பு! பருமனான உடல், பெரிய தங்க நிப்பு. விலை 7 டாலர். அன்றைக்கு ஒரு பேனாவுக்கு அது பெரிய விலை. ஆனால் அதன் நிப்பு 25 ஆண்டுகள் உழைக்கும் என்று கம்பெனி உறுதி கொடுத்தது. மக்கள் விரும்பி வாங்கினார்கள்.

அந்தப் பேனாவிலும் ஒரு குறை இருந்தது. சிவப்பு ரப்பரால் ஆன உடல் எளிதில் உடைந்தது. விற்பனைதான் நன்றாக நடக்கிறதே என்று விட்டுவிடவில்லை. 1926-இல் உடையாத பிளாஸ்டிக்கில் உடலைச் செய்தார்கள். 1931-இல் சீக்கிரம் உலரும் குவிங்க் மை வந்தது. 1933-இல் மூடியில் அம்பு வடிவக் கிளிப் வந்தது. பார்க்கர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிறதே, அதே அம்புதான்.

1937-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி பார்க்கர் காலமானார். 1941-இல் விற்பனைக்கு வந்து உலகப் புகழ் பெற்ற பார்க்கர் 51 பேனாவைப் பார்க்க அவர் இல்லை. 1945-இல் இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பான் சரணடைந்தபோது, அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் பல பேனாக்களால் கையெழுத்திட்டார். அவற்றில் ஒன்று அவர் மனைவியின் சிவப்பு டியோஃபோல்ட்!

இன்று ஜேன்ஸ்வில்லில் பேனாத் தொழிற்சாலை இல்லை. கம்பெனியும் பலர் கை மாறிவிட்டது. ஆனால் 1920-களில் செய்த டியோஃபோல்ட் பேனாக்களை உலகம் முழுவதும் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றைக் கழுவி, உள்ளே இருக்கும் ரப்பர் பையை மட்டும் மாற்றினால் பல பேனாக்கள் இன்னமும் எழுதுகின்றன. நூறு வயது தாத்தா ஓட்டப் பந்தயம் ஓடுவது போல!

நீங்களும் பேனா சேர்க்கலாம்!

தபால் தலை, நாணயம் சேர்ப்பது போல மைப்பேனா சேர்ப்பதும் அருமையான பொழுதுபோக்கு. அதற்கு நிறையப் பணம் வேண்டியதில்லை. முப்பது மட்டமான பேனாக்களைவிட, நன்றாக எழுதும் மூன்று பேனாக்கள் மேல். வாங்கும்போது பார்க்கரைப் போலப் பளபளப்பைப் பார்க்காமல் உள்ளே பாருங்கள்.

* நிப்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நடுவில் உள்ள பிளவு நேராக இருக்க வேண்டும். இரண்டு பாதிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே இருந்தால் தாளைக் கீறும்.

* நல்ல நிப்பின் நுனியில் கடுகைவிடச் சிறிய உருண்டை இருக்கும். அது கடினமான உலோகத்தால் ஆனது. தங்கம் மையால் அரிக்கப்படாது. ஆனால் மென்மையானது. அதனால்தான் நுனியில் இந்தக் கடின உருண்டையைப் பொருத்துகிறார்கள். வழுவழுப்பாக எழுத வைப்பது இந்த நுனிதான்.

* தங்க நிப்புதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். நன்றாகத் தீட்டப்பட்ட துருப்பிடிக்காத எஃகு நிப்பு, சரியாகத் தீட்டாத தங்க நிப்பைவிட நன்றாக எழுதும்.

* கடைக்காரரிடம் கேட்டு, நிப்பை மையில் தோய்த்து எழுதிப் பாருங்கள். அழுத்தக் கூடாது. பேனாவின் கனமே போதும். 8 என்ற எண்ணைப் பெரிதாகப் பலமுறை எழுதுங்கள். எல்லாப் பக்கமும் தடங்கலின்றி ஓடினால் நல்ல நிப்பு.

* உங்கள் கையெழுத்து சிறியதா? மெல்லிய நிப்பு எடுங்கள். பெரிய எழுத்தா? நடுத்தர நிப்பு போதும்.

* நாக்கையும் கவனியுங்கள். பல பேனாக்களில் சீப்பின் பற்களைப் போன்ற வரிகள் அதில் தெரியும். கூடுதலாக வரும் மையை அவை பிடித்து வைத்துக்கொள்ளும்.

* மூடி இறுக்கமாக மூட வேண்டும். இல்லாவிட்டால் மை காய்ந்துவிடும்.

* மாதம் ஒரு முறை சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். படம் வரையும் அழியாத மையை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

நான் ஆசிரியராக இருந்தபோது, பரீட்சை அன்று ஒரு மாணவனின் பேனா கசிந்து விடைத்தாள் முழுக்க மை பரவிவிட்டது. அழுதுகொண்டே நின்றான். வேறு தாள் கொடுத்து, என் பேனாவையும் கொடுத்தேன். அத்தோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அந்தப் பேனா ஏன் கசிந்தது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பார்க்கருக்குத் தோன்றியது. அதுதான் வித்தியாசம்!

குழந்தைகளே, உங்கள் கையில் ஏதாவது ஒன்று சரியாக வேலை செய்யவில்லையா? உடனே தூக்கி எறியாதீர்கள். பெரியவர்களைக் கேட்டுவிட்டு, மெல்லத் திறந்து பாருங்கள். ஏன் என்று கேளுங்கள். யார் கண்டது, உங்கள் பெயரிலும் ஒரு நாள் ஒரு நல்ல பொருள் கண்ணாடிப் பெட்டியில் மின்னலாம்!