அருளும் உணவும்: ருக்மிணி தேவி அம்மையார் வாழ்வு

ஊனும் தேனும் கள்ளும் விலக்குதல், நீரை வடித்துப் பருகுதல், கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தல் ஆகிய இவை நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வங்கள். நம் சமயத்திற் பிறவாத பெண்மணி ஒருவர், இவற்றின் உயிர்நாடியாகிய கொல்லாமையைத் தம் வாழ்நாள் முழுவதும் போற்றியதோடு, அதனைப் பாராளுமன்றம் வரை கொண்டு சென்றார். அவரே ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். நாட்டியத்திற்காக அவரைப் போற்றுவோர் பலர். அவருடைய ஜீவகாருண்யத் தொண்டினை அறிந்தோர் சிலர். அதனை இளைய தலைமுறையினர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொறியாளர். வடமொழிப் புலமை மிக்கவர். தாயார் சேஷம்மாள் இசையில் ஈடுபாடுடையவர். பிரம்மஞான சபையில் பற்றுக் கொண்டிருந்த தந்தையார், ஓய்வு பெற்றபின் குடும்பத்துடன் அடையாற்றுக்குக் குடியேறினார். அங்கு அன்னி பெசண்ட் அம்மையாரின் அரவணைப்பு சிறுமிக்குக் கிட்டியது. பல நாட்டவரும் பல சமயத்தவரும் கூடி வாழ்ந்த அவ்வளாகத்தில் புலால் இல்லா உணவே வழக்கமாக இருந்தது. பிறந்த குலத்தின் பழக்கமாக வந்த உணவு, அங்குச் சிந்தித்து ஏற்ற கொள்கையாக அவருக்கு மாறியிருக்க வேண்டும் என்பது எம் கருத்து.

1920-இல், தம் பதினாறாம் வயதில், ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். அந்நாளில் சென்னை நகரமே அதிர்ந்தது. பின்னர்க் கணவருடன் ஐரோப்பாவிற்கும் ஆஸ்திரேலியாவிற்கும் சென்றார். ரஷ்ய நடன மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பு அவர் உள்ளத்தைக் கலையின்பால் திருப்பிற்று. 1935-இல் அடையாற்றில் அவர் மேடையேறியபோது மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. அதற்கு அஞ்சாது 1936-இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். ஒரு மரத்தடியில் தோன்றிய அந்நிறுவனம், பின்னாளில் திருவான்மியூருக்குப் பெயர்ந்து வளர்ந்தது. 1993-இல் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாக நாட்டின் சிறப்புமிகு நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

ஆசிரியப் பயிற்சி பெற்ற எமக்கு அடையாறு வேறொரு வகையிலும் நெருங்கியது. 1939-இல் அருண்டேல் தம்பதியரின் அழைப்பின்பேரில் மரியா மாண்டிசோரி அம்மையார் அங்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். குழந்தை தன் கையாலேயே செய்து பழகுவது உள்ளத்தில் நிலைக்கும் என்பது அம்முறையின் சாரம். நற்பழக்கமும் அவ்வாறே படிகின்றது. கலாக்ஷேத்திரத்தில் காலை வழிபாட்டுடன் நாள் தொடங்கும். மரநிழலிலும் காற்றோட்டமான குடில்களிலும் வகுப்புகள் நடைபெறும். உணவு மரக்கறி உணவே. கலையும் உணவும் ஒழுக்கமும் ஒரே வாழ்வின் கூறுகளாக அங்கு அமைந்தன.

1952-இல் அம்மையார் மாநிலங்களவைக்கு நியமிக்கப் பெற்றார். கலைஞராக நியமிக்கப்பெற்ற அவர், வாய்பேசா உயிர்களுக்காகக் குரல் கொடுத்தார். விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைத் தடுக்க 1953-இல் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். அரசே முழுமையானதொரு சட்டம் கொண்டு வரும் எனப் பிரதமர் நேரு உறுதியளித்ததன்பேரில் அதனைத் திரும்பப் பெற்றார். தம் பெயரால் ஒரு சட்டம் அமையும் பெருமையை விடுத்து, பிறர் வாக்கை நம்பிக் காத்திருத்தல் எளிதன்று. காத்திருப்பு ஏழாண்டு நீண்டு, 1960-இல் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி 1962-இல் விலங்குகள் நல வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. அம்மையார் அதன் முதல் தலைவரானார். அவ்வலுவலகம் 2018-இல் ஹரியானா மாநிலத்திற்கு மாற்றப்படும் வரை நம் நகரிலேயே இருந்தது.

எனினும் அச்சட்டம் உணவுக்காகக் கொல்வதைத் தடுக்கவில்லை. சமயச் சடங்கின் பொருட்டுக் கொல்வதற்கும் ஆய்வுக்கூடச் சோதனைகளுக்கும் இடமளித்தது. சட்டம் ஓரளவே செல்லும், எஞ்சியதை மக்களின் மனமாற்றமே நிறைவு செய்யும் என்பதை இது காட்டுகின்றது. அம்மையார் 1955 முதல் தம் இறுதிக்காலம் வரை அகில உலக மரக்கறி உணவாளர் சங்கத்தின் துணைத்தலைவராக விளங்கினார். 1977-இல் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு வேண்டியபோது அதனை ஏற்கவில்லை. 1986-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் மறைந்தார்.

ஒன்றை மறைத்தல் முறையன்று. கலாக்ஷேத்திரத் தறிகளில் பருத்தியோடு பட்டும் நெய்யப்பட்டது. பட்டுப்புழு வெந்நீரில் மடிந்தே பெரும்பாலும் பட்டு கிடைக்கின்றது. அவ்வளவு அருளுடையாரிடத்தும் இம்முரண் இருந்தது எனின், தியாகராய நகரில் திருமணப் பட்டு எடுக்கச் செல்லும் நாம் அவரைக் குறை கூறத் தகுதியுடையோமா? அஹிம்சை ஒரே நாளில் ஏறி முடிக்கும் மலையன்று, படிப்படியாக ஏறுவது.

இறுதியாக நம் இல்லங்களைப் பார்ப்போம். புலால் உண்ணாமை நம்மை நோயினின்று தானே காக்கும் என்றெண்ணி வாளாவிருக்கின்றோம். ஆயின் நம் குடும்பங்களில் நீரிழிவும் குருதி அழுத்தமும் குறைவாகவா உள்ளன? தட்டு நிறையச் சோறு, எண்ணெயிற் பொரித்த பண்டம், மூன்று வேளையும் சர்க்கரையிட்ட காப்பி, இரவு பத்து மணிக்குத் தொலைக்காட்சி முன் சிற்றுண்டி! இது ஜீவகாருண்ய உணவாகலாம். உடற்குக் கருணை காட்டும் உணவாகாது. நம் உடலிலும் ஓர் உயிர் உறைகின்றதன்றோ?

மயிலாப்பூர் மாட வீதிகளில் நாள்தோறும் கீரையும் காயும் குவிகின்றன. நாளொன்றுக்குக் காய்கனி குறைந்தது 400 கிராம் உண்ணவும், உப்பினை 5 கிராமுக்குள் அடக்கவும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. சோற்றைக் குறைத்துப் பருப்பும் பயறும் சுண்டலும் கூட்டுதல் நலம். பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் இன்மையால், பாலும் தயிரும் போதிய அளவு கொள்ளாதோர் மருத்துவரைக் கலந்து கொள்க. நேரங்கழித்து உண்ணுதல் குருதிச் சர்க்கரையை மிகுவிக்கும் என இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. இரவுண்ணாமையைக் கைவிட்ட இல்லங்கள் அதனை மீண்டும் மேற்கொள்ளலாம். நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் இளைஞர்க்கு இது கடினமே. வாரத்தில் இரு நாளேனும் தொடங்குக. பழக்கம் தானே வேரூன்றும்.

பாட்டி தாத்தாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளைகளுக்கு, உண்ணாதே என்று விலக்கை மட்டும் கற்பியாது, எதற்காக என்பதையும் கூறுங்கள். கீரை ஆய்வதிலும் பயறு ஊறவைப்பதிலும் அவர்தம் கைகளையும் ஈடுபடுத்துங்கள். ஏனென்று அறிந்து ஏற்ற விரதம், கடல் கடந்து சென்றாலும் குலையாது. அடையாற்றிற் பயின்ற கொள்கையை எந்நாட்டிலும் கைவிடாத ருக்மிணி தேவி அம்மையாரின் வாழ்வே அதற்குச் சான்று.

அருள் வளர்க! அறம் வெல்க!