மணலில் இருந்து வெளிச்சம் எடுத்தவர்

மாப்பிள்ளை ஊர்வலம் வருகிறது. முன்னால் இரண்டு பேர் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுமந்து வருகிறார்கள். தெருவே பகல் போல ஆகிவிடுகிறது.

மின்சாரம் எட்டிப் பார்க்காத நாளில், நம் ஊர்களில் இதுதான் கல்யாணக் களை!

அந்த விளக்கின் உள்ளே ஒரு சிறிய வலைப் பை தொங்கும். அதற்கு மேண்டில் என்று பெயர். ஒரு முறை எரிந்த பிறகு அதைத் தொட்டால் பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும். வெறும் சாம்பல்! ஆனால், வெளிச்சம் தந்தது அந்தச் சாம்பல்தான்.

அதைக் கண்டுபிடித்தவர் யார்? அந்தச் சாம்பல் எங்கே இருந்து வந்தது?

கண்டுபிடித்தவர் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக். ஆஸ்திரியா நாட்டுக்காரர். சாம்பல் வந்தது கடற்கரை மணலில் இருந்து. அந்த மணலில் நம் மணவாளக்குறிச்சி மணலும் உண்டு!

தந்தையை இழந்த சிறுவன்

வெல்ஸ்பாக் 1858-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி வியன்னா நகரில் பிறந்தார். தந்தை, அரசாங்க அச்சகத்தின் தலைவர். வெல்ஸ்பாக்குக்குப் பத்து வயது இருக்கும்போது தந்தை இறந்துவிட்டார்.

வெல்ஸ்பாக் வளர்ந்து ரசாயனம் படித்தார். ஜெர்மனியில் உள்ள ஹைடல்பர்க் நகருக்குப் போய், புன்சன் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். பள்ளிக்கூட ஆய்வுச் சாலைகளில் புன்சன் அடுப்பு என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அந்தப் புன்சன்தான் இவர்!

புன்சனிடம் இருந்தபோது வெல்ஸ்பாக்குக்கு ஓர் ஆசை பிறந்தது. "அரு மண்கள்" என்று சில பொருள்கள் உண்டு. அவை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். பிரிப்பது மிகக் கடினம். அவற்றைப் பிரித்தே தீருவது என்று அவர் உறுதி கொண்டார்.

அடி மேல் அடி

அந்தக் காலத்தில் "டிடிமியம்" என்பது ஒரே தனிமம் என்று எல்லோரும் நம்பினார்கள். வெல்ஸ்பாக் நம்பவில்லை.

அதன் உப்பைத் தண்ணீரில் கரைத்தார். காய்ச்சினார். படிகமாக உறைய விட்டார். மறுபடியும் கரைத்தார். மறுபடியும் உறைய விட்டார். இப்படி ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல; திரும்பத் திரும்பச் செய்தார்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? 1885-ம் ஆண்டு டிடிமியம் இரண்டாகப் பிரிந்தது! ஒன்றின் உப்பு பச்சை நிறம். மற்றதன் உப்பு இளஞ்சிவப்பு. பச்சைக்குப் பிரசியோடைமியம் என்றும், மற்றதற்கு நியோடைமியம் என்றும் பெயர் வைத்தார். அப்போது அவருக்கு வயது 26.

தோற்ற தொழிற்சாலை

ஒரு நாள் ஆய்வின்போது, பருத்தி நூலை அரு மண் கரைசலில் நனைத்து, அடுப்புச் சுடரில் காட்டினார். நூல் எரிந்து போயிற்று. ஆனால், நூலின் வடிவம் அப்படியே சாம்பலாக நின்றது. பளீர் என்று ஒளி வீசியது!

அக்காலத்தில் நகரங்களில் காஸ் விளக்குகள் எரிந்தன. அவற்றின் சுடர் மஞ்சளாக மங்கி எரியும். இந்தச் சாம்பல் வலையை அதன் மீது மாட்டினால் என்ன?

மேண்டில் பிறந்தது. வியன்னாவுக்குப் பக்கத்தில் 1887-ம் ஆண்டு தொழிற்சாலையும் ஏற்பட்டது.

ஆனால், மக்கள் வாங்கவில்லை. வெளிச்சம் பச்சையாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் மனிதர் முகம் நோயாளி முகம் போலத் தெரிந்தது. வலையும் சீக்கிரம் உடைந்தது. 1889-ம் ஆண்டு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போயிருப்பார். வெல்ஸ்பாக் ஆய்வுச் சாலைக்குத் திரும்பினார். ஒவ்வொரு பொருளாக மாற்றி மாற்றிப் பார்த்தார்.

கடைசியில் கணக்கு சரியாக வந்தது. நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு. 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியம் சூட்டைத் தாங்கி நின்றது. அந்தச் சிட்டிகை சீரியம் வெள்ளை ஒளியை வீசியது. சீரியம் கூடினாலும் ஒளி மங்கும், குறைந்தாலும் மங்கும்!

1891-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி, வியன்னாவில் ஒரு காபி ஓட்டலின் வாசலில் அந்த விளக்கு ஏற்றப்பட்டது. பிறகு உலகமே அதை வாங்கியது.

கயிற்றில் ஒட்டிய மணல்

தோரியத்துக்கு எங்கே போவது? மோனசைட் என்ற மஞ்சள் பழுப்பு மணலில் தோரியம் இருக்கிறது. முதலில் பிரேசில் நாட்டுக் கடற்கரை மணல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது.

1909-ம் ஆண்டு, ஷோம்பர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர் ஓர் அதிசயம் கண்டார். திருவிதாங்கூரில் இருந்து வந்த தேங்காய் நார்க் கயிற்றில் மணல் ஒட்டி இருந்தது. அது மோனசைட்! மணல் வந்த இடத்தைத் தேடி வந்தார். அதுதான் மணவாளக்குறிச்சி. அப்பொழுது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ம் ஆண்டு தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

பிரேசில் மணலைவிட இந்த மணலில் தோரியம் அதிகம். மேண்டில் தொழிலுக்கு நம் கரை மணல் போகத் தொடங்கியது.

குப்பையில் கண்ட நெருப்பு

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. மோனசைட்டில் தோரியம் கொஞ்சம்தான். பாதிக்கு மேல் சீரியம் முதலிய அரு மண்கள். தோரியத்தை எடுத்த பின் மிச்சம் எல்லாம் குப்பை! தொழிற்சாலைகளில் அது குவிந்தது. யாருக்கும் வேண்டாம்.

வெல்ஸ்பாக்கின் மனம் அதை ஒப்பவில்லை. பாடுபட்டுப் பிரித்த பொருளைக் கொட்டுவதா?

அந்த மிச்சத்தை உலோகமாக்கினார். அதோடு நூற்றுக்கு 30 பங்கு இரும்பு கலந்தார். கெட்டியான கல் போல ஆயிற்று. அதை உரசினால், தெறிக்கும் துகள் காற்றில் பட்டதும் தீப்பற்றியது! 1903-ம் ஆண்டு இதற்கு உரிமை பெற்றார்.

சிகரெட் லைட்டரின் சக்கரத்துக்கு அடியில் ஒரு சிறு கல் இருக்கும். காஸ் வெல்டிங் பட்டறையில் பொறி தட்டவும் அதே கல் உதவும். குப்பையில் இருந்து வந்த கல் அது! இதற்காகத் திரைபாக் என்ற ஊரில் அவர் ஏற்படுத்திய தொழிற்சாலை இன்றும் நடக்கிறது.

1901-ம் ஆண்டு சக்கரவர்த்தி அவருக்குப் பிரபு பட்டம் தந்தார். 1929-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி வெல்ஸ்பாக் காலமானார். 1956-ம் ஆண்டு தேதியிட்ட ஆஸ்திரியாவின் 20 ஷில்லிங் நோட்டில் அவர் படம் அச்சிடப்பட்டது.

அவர் விட்ட இடம்

அந்தக் காலத்தில் மோனசைட்டைக் கந்தக அமிலத்தில் வேக வைத்தார்கள். மணலில் உள்ள பாஸ்பேட் அமிலக் கழிவோடு வீணாகப் போயிற்று. பிறகு காஸ்டிக் சோடாவில் வேக வைக்கும் முறை வந்தது. இதில் பாஸ்பேட் தனி உப்பாகப் பிரிகிறது. அதை விற்கலாம். மிஞ்சிய சோடாவைத் திரும்பவும் பயன்படுத்தலாம். கேரளத்தில் ஆலுவாய் நகரில், 1952-ம் ஆண்டு திறக்கப்பட்ட அரசாங்கத் தொழிற்சாலை இந்த முறையைக் கையாண்டது.

தோரியம் கதிர் வீசும் பொருள். வெல்ஸ்பாக் மேண்டில் செய்த நாளில் இது தெரியாது. இன்று தெரியும். அதனால், பல நாடுகளில் தோரியம் இல்லாத மேண்டில் செய்கிறார்கள். தோரியத்தைக் காற்றிலும் தண்ணீரிலும் கலக்க விடாமல் பத்திரமாக வைக்க வேண்டும். கரையில் வாழும் மீனவர் வீட்டுக் குழந்தைகளின் நலம், எந்த உலோகத்தையும்விட விலை உயர்ந்தது.

வெல்ஸ்பாக் பிரித்த நியோடைமியம், அவர் காலத்தில் பெரிதாகப் பயன்படவில்லை. இன்று மின்சாரக் கார்களிலும், பல காற்றாலைகளிலும் உள்ள பலமான காந்தத்துக்கு அதுதான் உயிர். புகை இல்லாத வண்டிக்கு அது வேண்டும். ஆனால், அதை எடுக்கும்போது மண்ணும் தண்ணீரும் கெடக் கூடாது.

மணலில் வெளிச்சம் இருக்கிறது என்று காட்டினார் வெல்ஸ்பாக். மிச்சத்தையும் வீணாக்காதே என்றும் காட்டினார். இரண்டாவது பாடம்தான் பெரிய பாடம்!