பொறியின் நோய் அறிந்தவர்

டீசல் கார் ஒன்று மேட்டில் ஏறாமல் திணறுகிறது. கைதேர்ந்த மெக்கானிக் உடனே எதையும் கழற்றுவதில்லை; முதலில் புகையைப் பார்க்கிறார். கரும்புகையானால் எரிபொருளுக்கேற்ற காற்று இல்லை. டர்போவிலோ அதன் குழாயிலோ குறை இருக்கலாம். நீலப்புகையானால் ஆயில் எரிகிறது. வெண்புகையில் எரியாத டீசல் நாறினால் சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருக்கலாம், அல்லது இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம். காற்று, அழுத்தம், எரிபொருள் தூவல் ஆகிய இம்மூன்றோடும் ஆண்டுக்கணக்கில் போராடியவரின் பெயரையே அந்த எஞ்சின் தாங்கி நிற்கிறது.

ருடால்ப் டீசல் 1858-இல் பாரிஸில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். 1870-இல் போர் மூளவே குடும்பம் லண்டனுக்குப் பெயர்ந்தது. சிறுவனை ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினரிடம் அனுப்பினர். மியூனிக்கில் மாணவராயிருந்தபோது பேராசிரியர் லிண்டேயின் வகுப்பில், நீராவி எந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது என்று கேட்டார். அந்த விரயம் அவர் நெஞ்சில் தைத்தது.

காற்றை மிக அழுத்தினால் சூடேறும்; அச்சூட்டில் எரிபொருளைத் தூவினால் தீப்பொறியின்றியே பற்றும். இதுவே அவர் கண்ட வழி. 1893 ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க் ஆலையில் முதற்சோதனை நடந்தது. எரிபொருள் பற்றியது, அழுத்தம் எகிறி அளவுகருவி வெடித்துச் சிதறியது. எஞ்சினோ தானாக ஓடவில்லை. டீசல் சோர்ந்துவிடவில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதைக் கோடாக வரையும் கருவியே அவருக்கு நாடி பார்க்கும் விரலாயிற்று. கசிவையும் தூவலின் குறையையும் ஒவ்வொன்றாகக் கண்டு திருத்தினார். தாம் எழுதிய கொள்கையிலேயே நடைமுறைக்கு ஒவ்வாததைக் கைவிட்டார். 1894-இல் எஞ்சின் ஒரு நிமிடம் தானே ஓடியது. 1897-இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் அளந்தபோது வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியிருந்தது.

புகழ் வந்தது, அதனுடன் அவசரமும் வந்தது. முற்றும் பக்குவமடையாத எஞ்சின்கள் விற்பனைக்குச் சென்றன. சோதனைக்கூடத்தில் ஓடியவை ஆலைகளில் நின்றன. டீசலின் உடல்நலமும் குலைந்தது. பொறியாளர்கள் பொறுமையாகத் திருத்திய பின்னரே எஞ்சின் நிலைபெற்றது. 1912-இல் டீசல் எஞ்சினுடன் 'செலாண்டியா' கப்பல் பெருங்கடல் கடந்தது. அதை ஆக்கியவரோ கடனில் மூழ்கியிருந்தார். 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற கப்பலில் அவர் காணாமற் போனார். பின்னர் கடலில் ஓர் உடல் கிடைத்தது. அதிலிருந்த பொருள்களைக் கண்டு மகன் தந்தையை அடையாளம் கூறினார். தவறி விழுந்தாரா, தாமே குதித்தாரா என்பது இன்றும் முடிவாகவில்லை.

வெளியேறும் புகையின் வேகத்தாலேயே காற்றை உள்ளே தள்ளும் டர்போ முறைக்கு, சுவிஸ் பொறியாளர் ஆல்பிரட் பூகி 1905-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். டீசல் கார் சந்தைக்கு வந்ததோ 1936-இல். அதைக் காண டீசல் இல்லை.

நண்பர்களே, எஞ்சின் பழுதுபட்டால் அது புகையால் சொல்லும், ஒலியால் சொல்லும். மனிதன் பல வேளைகளில் சொல்வதில்லை. நம் விடுதியின் அடுத்த அறையில் இருப்பவரையும் ஒரு சொல் விசாரிப்போமாக.